சத்தம் அவள் பொறுப்பு

அவன் கையை ஓங்கினான். அவள் சபைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

நாடகத்தில் அறை விழும் இடம். விழாது என்பது வேறு விஷயம். அவன் கை அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போகும். அதே நொடியில் அவள் சபைக்குத் தெரியாமல் நெஞ்சுக்கு நேராகக் கையைத் தட்டி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடி வாங்குகிறவள்தான் சத்தமும் கொடுக்க வேண்டும். மேடையில் அதுதான் முறை. நல்ல முறை, போங்கள்!

பிரதியில் அங்கே ‘ஸ்லாப்’ என்று ஒரே சொல். அது சொல்லே இல்லை, சத்தம் என்று சண்டைப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நாம் பளார் என்பதுபோல, காதில் விழுந்ததை இங்கிலீஷ்காரன் அப்படியே பேராக வைத்துவிட்டானாம்.

யார் வைத்திருப்பார்கள் என்று அவள் யோசித்ததுண்டு. அடித்தவன் வைத்திருக்கமாட்டான். வாங்கியவளுக்கு ஏது தெம்பு? பக்கத்தில் இருந்து கேட்டவர்தான் வைத்திருக்க வேண்டும்.

முன்வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவனைப் பெற்றவள். என் பிள்ளை எறும்பைக்கூட மிதிக்கமாட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறவள்.

கை காற்றில் போனது.

அவள் தட்டவில்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் கண் சிவந்தது. வீட்டில் சிவக்கிற அதே சிவப்பு.

“தட்டுடி, சனியனே,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விரல்களைக் கோத்துக்கொண்டாள். சபை முழுக்க அந்தக் கைகளைப் பார்த்தது.

பளார்!

காது அடைத்துப்போனது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். உயிர் போகிற வலி. ஆனாலும் கோத்த விரல்களை அவள் விடவில்லை. பாவி, மறுபடியும் ஓங்கி அறைந்தான். தடுமாறினாள், அப்போதும் விடவில்லை.

என்ன தத்ரூபம் என்று சபை கைதட்டியது.

அத்தை மட்டும் தட்டவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இந்தச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும், என்னம்மா அது என்று பதறி வருவாள். ஒத்திகைதான், அத்தை என்று இவள் சொல்வாள். வீங்கிய கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, கையைத் தட்டியும் காட்டுவாள். அத்தை சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

இப்போது அத்தை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவ்வளவு கைதட்டலுக்கும் மேலே அவள் குரல் கேட்டது.

“டேய், அவ கை பின்னால இருக்குடா! அப்போ வீட்டுல நான் கேட்டதெல்லாம் என்னடா?”