பதினோராவது பெயர்

மண்சரிவுக் கட்டுரையிலிருந்து மூன்றாவது முறையாக யாரோ அந்தப் பெயரை அழித்திருந்தார்கள். இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுத ஹட்டனில் பழக்கும் ஜெயதீபன், யாரென்று தேடிப் பார்த்தார். அவருடைய வகுப்புக்கு வரும் பேபிதான்.

“மண்சரிவில செத்த பதினொரு பேரில பேச்சியம்மாவை மட்டும் ஏன் அழிக்கிறீங்கள்?”

“அது பொய்ங்க சேர்.”

“பேப்பரில வந்திருக்கு. உங்களிட்ட என்ன ஆதாரம்?”

“எனக்குத் தெரியும்ங்க.”

“உங்களுக்குத் தெரிஞ்சது ஆதாரமில்லை.”

செத்தவளோடு இவளுக்கு அப்படி என்ன பகை? ஜெயதீபனுக்குச் சந்தேகம் வலுத்தது.

“இனியும் அழிச்சால் உங்கட கணக்கை முடக்கிப்போடுவன்.”

பேபி அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். படத்தில் அவள் முகம். பெயர் பேச்சியம்மா. முகவரி, மண்ணுக்குள் போன அதே தேயிலைத் தோட்டத்து லய வீடு.

“பேபின்னு வீட்டுல கூப்புடுவாங்க சேர். அன்னைக்கு நான் கொழும்புல வேலையில இருந்தேன். யாருகிட்டயும் கேக்காம பேப்பர்ல எழுதிட்டாங்க.”

ஜெயதீபன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“இதையும் ஏற்க ஏலாது பேபி. கலைக்களஞ்சியத்தின்ர விதி அப்பிடி, பேப்பரில வரவேணும்.”

“உசுரோட இருக்கேன்னு எந்தப் பேப்பர்ல சேர் போடுவாங்க? மறுபடி எம்பேரு வரணும்னா, நான் நெசமாவே சாகணுங்க.”