பத்தொன்பதாவது ரகம்

“உயிருக்கு விலை முப்பத்திரண்டு டாலர், மேடம். வரி தனி.”

சொல்லிவிட்டுத் துப்பாக்கிக் கடைக்காரர் ஹார்லன் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் நகர்த்தினார். உள்ளே இருபது ரிவால்வர் தோட்டாக்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னதாக ஒரு குழி.

வெல்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டிமேல் இருந்ததையெல்லாம் ரொம்ப நாள் கழித்து வந்த கடிதம்போல் ஒரு வரி விடாமல் படித்தார். “போன வாரத்து உயிரு இருபத்தாறுதானே?”

“அது சாதா உயிரு. இது கொஞ்சம் ஒசத்தி.”

வயோமிங்கில் முதல் பனி விழுந்த வாரம் தொடங்கியது இது. இப்போது பனி கரைந்து, ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. கணவர் போனபின் வெல்மா பண்ணை வீட்டில் தனி; பக்கத்து வீடு என்பது ஏழு மைல்.

“அவரோட பழைய முப்பத்தெட்டு ரிவால்வர் ஒண்ணு கெடக்கு. ஞாயித்துக்கிழமையில டப்பா சுட்டுப் பழகணும், வீட்டுக்கும் காவலா இருக்கணும். எந்தத் தோட்டா நல்லது?” என்று கேட்டு வந்தவர், அதன்பின் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. பதினொரு மணிக்கு வருவார். ஒரு பெட்டி வாங்குவார். ஒரு மணிக்குப் போவார்.

“ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டா ஒத்துப்போகும், மேடம். வாரம் ஒரு ரகமா சுட்டுப் பாருங்க” என்று ஹார்லன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், கடைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் சுட்டுப் பார்த்து அரை மணியில் விடை சொல்லிவிடுவார். அதனால்தான் அதைக் கொண்டுவரச் சொல்லவே இல்லை. விடை கிடைக்கிற புதன்கிழமைதான் கடைசிப் புதன்கிழமை என்பது முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத் தெரியாதா?

புதனன்று மட்டும்தான் அவர் சவரம் செய்துகொள்கிறார். அன்று மட்டும்தான் வெல்மாவுக்கும் சேர்த்து இரண்டு கோப்பைக் காபி. மற்ற நாட்களில் டப்பா பீன்ஸைச் சுடவைத்து, நின்றபடியே தின்று முடிப்பார்.

“போன வாரத்து ரகம் எப்படி?”

“கொஞ்சம் உதைச்சுது.”

“குறிக்கு மேல போச்சா, கீழ போச்சா?”

வெல்மா யோசித்தார். “மேல... எடப்பக்கமும் கொஞ்சம்.”

“அப்ப அது சரிப்படாது.” ஹார்லன் பெரிய டாக்டர்போல் முகத்தை வைத்துக்கொண்டு நோட்டில் குறித்தார். “அது சரி, எவனாவது வந்து கதவை இடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஒருத்தன் வந்தான்னா, முதல்ல காபி குடுப்பேன்.”

கதவு மணி கலகலத்தது. தபால் வண்டி ஓட்டும் டுவைட் உள்ளே வந்து, கனமான பை ஒன்றை மேசையில் தொப்பென்று போட்டான். எல்லாம் சுட்டு முடித்த காலிப் பித்தளை உறைகள்.

மறுபடி வெடிமருந்து அடைக்க ஹார்லன் அவற்றை எடைக்கு வாங்குவார். ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் அத்தனை பேரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். வங்கி மேனேஜரே கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவருவார். வெல்மா மட்டும் இதுவரை ஒன்றுகூடக் கொண்டுவந்ததில்லை. சில்லறைக்கு ஆலாய்ப் பறக்காத பெண்மணி என்று ஹார்லனுக்கு அவர்மேல் மதிப்பு கூடித்தான் போயிருந்தது.

டுவைட் மேசைமேல் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தான், வெல்மாவைப் பார்த்தான்.

“ஏம்பா ஹார்லன், எனக்கு ரெண்டே நிமிஷத்துல முடிச்சியே? பழகறதுக்கு மலிவா ஒண்ணு, தலைமாட்டுல வைக்க ஒசத்தியா ஒண்ணு, ரெண்டும் ஒரே எடத்துல அடிக்குதான்னு பாத்துக்க, போடான்னு வெரட்டினியே! இந்தம்மா என்ன, தோட்டாவுல டாக்டர் பட்டமா வாங்கறாங்க?”

“உனக்கு எதைக் குடுத்தாலும் குறி தப்பத்தான் போவுது. காசை வாங்கிட்டுக் கெளம்பு.”

டுவைட் சிரித்துக்கொண்டே போனான்.

ஹார்லன் திரும்பி, முப்பத்தெட்டுக்கான அலமாரித் தட்டை மேலும் கீழும் பார்த்தார். நேற்றும் பார்த்தார், முந்தாநாளும் பார்த்தார். எத்தனை முறை பார்த்தாலும் புது ரகம் ஒன்றும் முளைக்கவில்லை.

“மேடம், இது பத்தொன்பதாவது. எங்கிட்ட இதுக்கு மேல ரகம் கெடையாது.”

வெல்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாக மடித்தார். “அப்ப அடுத்த புதன்கிழமை?”

ஹார்லன் நோட்டை மூடி வைத்தார். வாடிக்கையாளரிடம் முழு உண்மையையும் பேசிப் பழக்கமில்லாத வியாபாரி.

“டுவைட் சொன்னது நெசம். துப்பாக்கிய ஒரு தடவை கண்ணுல காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான்தான் கேக்கல. கேட்டிருந்தா நீங்க அதோட வந்திருக்க மாட்டீங்க.” குரல் இறங்கியது. “உங்களுக்குக் கோவம் வந்தா நியாயம்தான். பணத்தையெல்லாம் திருப்பித் தந்துடறேன்.”

வெல்மா கைப்பையைத் திறந்து, முப்பத்திரண்டு டாலரையும் வரியையும் எண்ணி வைத்தார். தன் காலிக் காபிக் கோப்பையை ஹார்லன் பக்கமாக நகர்த்தினார்.

“எங்க வீட்டுக்காரர் ஆயுசுல துப்பாக்கியத் தொட்டதில்ல, ஹார்லன். தோட்டா பத்தொன்பது பெட்டி சேந்தாச்சு, இனிமே துப்பாக்கி மட்டும்தான் பாக்கி.”