காலிக் கலயம்

எண்ணெய்க் கிணற்றின் நீர்க்கசிவை அடைக்க, கம்பெனி ஒரு பசையைத் தன் தொழிலாளி வீரையன் கையாலேயே பூமிக்குள் இறக்க வைத்தது. எந்தச் சூட்டுக்கும் அசையாது என்று உத்தரவாதம். நாளடைவில் பசை ஊர்க் குடிநீரிலும் கலந்தது. குடித்தால் கேடில்லை என்று அதற்கும் ஓர் உத்தரவாதம்.

வருடக்கணக்காக அதைக் குடித்த வீரையனின் அப்பா செத்துப்போனார். மறுநாள் சாம்பல் அள்ளக் கலயத்தோடு வீரையன் சுடுகாட்டுக்குப் போனால், விறகெல்லாம் சாம்பல். அப்பா மட்டும் அப்படியே கிடந்தார்.

"ரெண்டு தடவ அடுக்கிட்டேன் தம்பி. மீசகூடக் கருகல," என்றார் சிதை மூட்டிய மருதையன்.

கேள்விப்பட்டு ஓடிவந்த கம்பெனி மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம லேப்லகூட இந்தப் பசை இவ்வளவு தாங்கலப்பா. இன்னொரு தடவ கொளுத்தச் சொல்லு, வீடியோ எடுத்துக்கறேன்."

வீரையன் காலிக் கலயத்தைக் கீழே வைத்தான். மருதையன் ஊர்க் குழாயடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.