புகாரே வராத பத்து வருஷம்

"பத்து வருஷம் ஒரு புகார்கூட இல்ல. இந்தம்மா சூப்பர்வைசரா வந்த அஞ்சாவது வருஷம் நாற்பத்தொண்ணு. கூடமா இது, சந்தைக்கடையா?"

புது மேனேஜர் தையல் கூடத்தின் புகார்ப் புத்தகத்தை மேஜைமேல் போட்டார். வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் எல்லாவற்றையும் கோடு போட்டு வரைந்துவிட்டார். ஒன்று, மூன்று, ஒன்பது, இருபது, நாற்பத்தொன்று. கோடு மூச்சு வாங்காமல் ஏறியது.

"மறுபடி மெஷின்லயே உட்கார வெச்சுடலாம். என்ன சொல்றே?"

தலையாட்டுவதையே உத்தியோகமாகக் கொண்ட குமாஸ்தா இந்த முறை ஆட்டவில்லை. போய் சூப்பர்வைசரை அழைத்து வந்தார். அந்த அம்மாள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே வந்து நின்றாள்.

"என்னம்மா, புகாரா குவிஞ்சு கிடக்கு?"

"இன்னும் வரும் சார்."

"இது வேறயா?"

"போன வருஷம் வரைக்கும் பேர் போடாம எழுதினாங்க சார். இப்பதான் பேர் போட்டு எழுதறாங்க."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல ஒண்ணுமே இல்லையே?"

"அப்ப பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளும் இல்ல சார். எழுதினா மறுநாள் வேலையும் இல்ல. தாழ்ப்பாள் போட ரெண்டு வருஷம் ஆச்சு, ஜன்னல் திறக்க ஒரு வருஷம். மெதுவாத்தான் நடக்குது."

மேனேஜர் புத்தகத்தைப் புரட்டினார். முதல் வருஷத்து ஒரே புகாரில் பிடி கிடைத்தது.

"'சூப்பர்வைசர் மரியாதை இல்லாமல் கத்துகிறார்.' இதுக்கு என்ன சொல்றீங்க?"

"தப்புதான் சார். திருத்திக்கிட்டேன்."

"சரி, போங்க."

கதவு சாத்தியதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தியா, வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க. ஆர்டரை டைப் பண்ணு."

குமாஸ்தா நகரவில்லை.

"அன்னிக்கு இந்தப் புகாரை எல்லார் முன்னாடியும் அவங்களே வாசிச்சு மன்னிப்புக் கேட்டாங்க சார். யார் எழுதினதுன்னு விசாரிக்கவே இல்ல. எழுதினா ஒண்ணும் ஆகாதுன்னு மத்தவங்களுக்கு அதுக்கப்புறம்தான் தைரியம் வந்துச்சு."

"அதெல்லாம் இருக்கட்டும். கத்தினது கத்தினதுதானே?"

"அவங்க குரல் உசந்து நான் கேட்டதே இல்ல சார்."

"அப்புறம் யார்யா இதை எழுதினது?"

"அவங்களேதான் சார். பேனா என்கிட்டதான் வாங்கினாங்க."