எண்பதுக்குக் கீழே

விண்ணப்பத்தை அனுப்ப ஐந்து மணிதான் கெடு. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பதினோரு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் ஆசிரியர் வேலைக்கு நான் எழுதிய விண்ணப்பம் அது. கணினி அசையாமல் நின்றது. ஆத்திரத்தில் ஒரே பொத்தானை ஏழெட்டு முறை தட்டினேன். பொத்தான் வழியாக என் விரலில் நாடி பார்த்துவிட்டு, கணினி தன்னைப் பூட்டிக்கொண்டது. திரையில் ஒரு வரி வந்தது:

"பதற்றமாக இருக்கிறீர்கள். நாடி எண்பதுக்குக் கீழே வந்ததும் திறக்கும்."

தண்ணீர் குடித்தேன். மூச்சை எண்ணினேன். பொத்தானில் விரலை மறுபடி வைத்தேன். நூறிலிருந்து எண்பத்திரண்டுக்கு இறங்கியது.

"இன்னுமா முடியல, கோதை?" என் கணவர் எட்டிப் பார்த்தார்.

நூற்றுப்பத்து.

"கொஞ்சம் பேசாம இருங்களேன்!"

"நான் என்ன சொல்லிட்டேன்? டென்ஷன் ஆகாதேன்னுதானே சொல்றேன்."

நூற்றிருபது.

அவர் விரலுக்கு அது எப்போதும் எழுபதுதான் காட்டும். ஆனால் விண்ணப்பம் என்னுடையது, விரலும் என்னுடையதாக இருக்க வேண்டும்.

ஐந்து மணி கடந்தது. விரலை எடுக்கவும் தோன்றவில்லை. இனி அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மனம் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டது. அதற்கு இது பழக்கம்தான்.

எழுபத்தெட்டு. திரை திறந்தது.

"அமைதியானதற்கு நன்றி. என்ன செய்ய வேண்டும்?"