வெட்டாத எள்ளு

“இதையும் பிஞ்செண்டு சொன்னா நான் என்னத்தக் கதைக்கிற அக்கா? கண் தெரியல்லயா உங்களுக்கு?”

கண்ணகை ஒரு எள்ளுச் செடியை வளைத்துக் காட்டினாள். அடி இலைகள் உதிர்ந்து, தண்டு மஞ்சளித்து, கீழ்க்காய்கள் பழுப்பேறியிருந்தன. இரண்டொன்று வாய் பிளக்கவும் தொடங்கிவிட்டன.

“உச்சியில பூ நிக்குதே புள்ள. அதுவும் காய்க்கட்டுமே” என்றாள் அன்னப்பூரணி.

“உச்சிப் பூவப் பாத்துக்கொண்டு நிண்டா அடிக்காயெல்லாம் வெடிச்சு மண்ணுக்குள்ள போயிரும். எள்ளு நெல்லு மாதிரிப் பொறுக்காது.”

வேலியோரம் கதிரறுக்கும் தாக்கத்தியோடு குந்தியிருந்த அன்னப்பூரணியின் புருசன் சாமித்தம்பி, “இவக்குப் பூவெல்லாம் எண்ணி முடியணுமாம் மிஸ்” என்றார். “நான் சொல்லி அலுத்துப்போனன். கத்திதான் துருப்பிடிக்குது.”

கண்ணகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்திலேயே முதன்முதலில் கெம்பஸ் படியை மிதித்தவள். விவசாயப் போதனாசிரியையாக உன்னிச்சைக்கு வந்து இன்னும் ஒரு வருடமாகவில்லை. ஒவ்வொரு காவல் சென்றியிலும் இறங்கிச் சைக்கிளை உருட்டி, ஆமிக்காரனின் இளிப்பைப் பொறுத்துக்கொண்டு இந்தச் செடியைப் பார்க்கத்தான் வருகிறாள். சண்டை தொடங்கியபின் குளத்துக்கு அப்பால் உள்ள வயல் வட்டைக்கு யாரும் போக முடியாது. இந்த மேட்டுக்காணி எள்ளும் போனால் இவர்களுக்கு அடுத்த மாரி வரைக்கும் கஞ்சிதான். அதுவும் கிடைத்தால்.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“மழை விழுந்தா ஒரு பிடியும் மிஞ்சாது. வெட்டுவமா இல்லயா?”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் புள்ள.”

“வெட்டப் பஞ்சியெண்டு நேராச் சொல்லுங்களன்!”

சாமித்தம்பியின் கையிலிருந்த தாக்கத்தியை வாங்கி, முதல் பிடியை அவளே வெட்டினாள்.

“ஐயோ வேணாம் புள்ள, உங்களக் கும்பிட்டன்!” அன்னப்பூரணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். கண்ணகை உதறிவிட்டு அடுத்த பிடிக்குக் குனிந்தாள். சாமித்தம்பி பின்னால் வந்து கட்டுக் கட்டினார். கையளவு காணிதான். வெயில் சாயுமுன் மொட்டையாகிவிட்டது. கட்டுகளை நிமிர்த்திச் சாத்தி, மேலே படங்கைப் போட்டுக் கட்டியபோது முதல் துளி விழுந்தது.

அன்னப்பூரணி வெறுங்காணியில் தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

கண்ணகை முகத்து வியர்வையைத் துடைத்தாள். “ஒரு மணியும் சிந்தாமக் காப்பாத்தித் தந்திருக்கு. அண்ணன், அக்கா இதுக்கேன் இப்பிடி அழுறா?”

சாமித்தம்பி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“போன வருசம் ஆமி ரவுண்டப்பில எங்கட மகனைப் பிடிச்சுக் கொண்டுபோனாங்க மிஸ், திரும்பி வரல்ல. கடை எள்ளு வேணாம், நம்மட எள்ளை வெட்டின பிறகு அவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைப்பம் எண்டு இவ எனக்கு வாக்குத் தந்தவ.”