ஆளில்லாத ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரியை மூடும் உத்தரவைக் கதவில் ஒட்ட வந்த அதிகாரியை, கிழட்டு வாட்ச்மேன் மறித்துக்கொண்டார்.

"தினமும் முந்நூறு பேர் வர்ற இடத்துக்கு ஆளே வரலைன்னு எழுதிட்டீங்களே, உங்க கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? அடுத்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். என் பொண்ணுக்கு இது ஒன்பதாம் மாசம்!"

"பெரியவரே, நான் பார்வையிட வந்த அன்னைக்குப் பதினோரு பேர்தான் இருந்தாங்க. பார்த்ததைத்தானே எழுத முடியும்? மத்தவங்கெல்லாம் எங்கே போனாங்க, நீங்களே சொல்லுங்க."

வாட்ச்மேன் தன் கையிலிருந்த கம்பைக் குனிந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று, அதிகாரி பார்வையிட வந்த அன்று காலை கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தைக் கம்பை ஓங்கி விரட்டியதே அவர்தான்.

"பெரிய ஆபீசர் வர்றார், இடம் பளிச்சுனு இருக்கணும். எல்லாரும் போயிட்டு நாளைக்கு வாங்க!"